கல்லுக்கு எந்தப் பக்கம்

தாராவியில் நயினார் வீட்டின் நடுச்சுவரை ஒட்டி ஒரு ரயில்வே எல்லைக்கல் இருந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் ரயில்வேயின், அதாவது தில்லி சர்க்காரின் நிலம், அதில் அடுக்களை. இந்தப் பக்கம் மகாராஷ்டிரத்தின் நிலம், அதில் முன்னறை. வெல்டிங் பட்டறையில் உழைத்துக் கட்டிய அந்த வீட்டை நாற்பது வருஷம் அந்தக் கல்லை வைத்தே காப்பாற்றினார்.

முனிசிபாலிட்டி ஆள் இடிக்க வந்தால், "இது ரயில்வே ஜாகா, சாகேப்" என்பார். ரயில்வே ஆள் வந்தால் முன்னறையில் உட்காரவைத்து குடிசைவாசி என்று மாநில சர்க்கார் கொடுத்த போட்டோ பாஸைக் காட்டுவார். தில்லி நிலத்தில் மாநிலம் கைவைக்க தில்லி சம்மதிக்க வேண்டும். தில்லி அங்கிருந்து ஆட்களைக் கிளப்ப மாநிலத்தின் போலீஸ் வேண்டும். ஒருவர் கடிதம் எழுத, மற்றவர் பதில் எழுத, அதற்குள் மகள் முத்துமாரி பிறந்து, படித்து, செம்பூரில் கட்டட வரைபடம் போடும் வேலைக்கும் போய்விட்டாள்.

"ரெண்டு யானையும் முறைச்சுக்கிட்டு நிக்கட்டும்ளா. எறும்புக்கு அதான் நல்லது," என்பார் அவளிடம்.

யானைகள் சமாதானமாகிவிட்டன. இரண்டு சர்க்காரும் சேர்ந்து புதிய குடியிருப்பு கட்டப் போவதாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. ரயில்வே நிலத்துக்காரர்களுக்கு இங்கே வீடு இல்லை, எங்கோ உப்பளத்துப் பக்கம்தான் என்று சந்தெல்லாம் பேச்சு. முத்துமாரிக்குத் தூக்கம் போயிற்று. போட்டோ பாஸை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அன்று வந்தனா என்ற பெண் கணக்கெடுக்க வந்தாள். கழுத்தில் அட்டை தொங்க ஒருத்தி வாசலில் நின்றதுமே நயினாரின் வாய் முந்திக்கொண்டது: "இது ரயில்வே ஜாகா, மேடம்."

வந்தனா அதைப் பதிந்துகொண்டு, இங்கே வீடு கிடைக்கிறவர்களுக்குப் போடும் எண்ணைக் கதவில் போடாமல் அடுத்த வீட்டுக்குப் போனாள்.

"என்னப்பா சொன்னீய?" சாயங்காலம் முத்துமாரி கேட்டாள்.

"பழக்கத்துல வந்துட்டுளா."

"நாப்பது வருசமா சொன்னத ஒரு நாளைக்கு அடக்க முடியலியே இந்த மனுசனுக்கு!" என்றாள் அவர் மனைவி மீனாட்சியம்மாள்.

நயினார் மறுபரிசீலனைக்கு மனு கொடுத்தார். பதில் கேட்டு மூன்று தடவை ஆபீஸுக்கு அலைந்தார். மூன்றாம் தடவை வரிசையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் கேட்டது ஒன்றுதான். "நம்பர் போட்டாச்சா?"

"போட்டுட்டாங்கப்பா."

"எத்தன?"

அரை அங்குலம் பிசகாமல் கோடு போடுகிறவள், வாயில் வந்ததைச் சொன்னாள். "நூத்திப் பதினேழு."

அவர் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மறுநாள் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், மனுவை விசாரிக்க வந்தனாவே வந்தாள். வீட்டுக்காரர் எங்கே என்று ஹிந்தியில் கேட்டாள். மீனாட்சியம்மாள் சுவரில் இருந்த படத்தைக் காட்டினாள். முத்துமாரி, தான் அளந்து வரைந்திருந்த வீட்டு வரைபடத்தை நீட்டினாள்: கல்லுக்கு இந்தப் பக்கம் பதினோரு அடி, அந்தப் பக்கம் ஆறு. வாசல் இந்தப் பக்கம்.

வந்தனா அதை ஃபோட்டோ எடுத்துக்கொண்டாள். முடிவு மேலே இருப்பவர்கள் கையில் என்றாள். பிறகு கதவில் சிவப்புப் பெயின்டால் ஓர் எண்ணை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

மீனாட்சியம்மாள் கண்ணைச் சுருக்கிக் கதவைப் பார்த்தாள்.

"நானூத்தி ஆறுன்னு போட்டிருக்கா. அவுககிட்ட நூத்திப் பதினேழுன்னுல்லா சொன்ன?"

முத்துமாரி பெயின்ட் காயும்வரை கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.