நான் சாத்திய கதவு

எனக்கு ஐம்பத்தொரு வயது. ஆனாலும் பலெர்மோவில் ஒரு பழைய மாடிவீட்டின் வாசல் மணியை அமத்திவிட்டு, மேலேயிருந்து "யார்?" என்று கேட்கும் குரலுக்கு "லா ரகாத்ஸா" என்றுதான் தினமும் பதில் சொல்கிறேன். பெண்பிள்ளை வந்திருக்கிறேன் என்று அர்த்தம். வீட்டுவேலைக்கு வருகிறவளை இந்த வீட்டில் அப்படித்தான் அழைப்பார்கள், வயது கணக்கில்லை. முதல் நாள் வேலைக்கு வந்தபோது சின்யோரா, அதாவது என் முதலாளியம்மா, சொல்லித்தந்த சொல் அது. பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. தலையில் பாதி நரை, மாடிப்படியைக் கண்டாலே முழங்கால் அழுகிறது, ஆனால் அந்த மணிக்கு முன்னால் நான் இன்னும் சிறுமிதான். ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் சிரிப்பீர்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தேன்.

சின்யோரா குடியிருப்பது இரண்டாம் மாடியில். மூன்றாம் மாடியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார். வியா மக்வேதா என்ற பெரிய தெருவுக்கு இரண்டு சந்து தள்ளி இருப்பதால் ஆட்கள் வந்தபடியே இருப்பார்கள். துடைத்து, படுக்கை விரித்து, வருகிறவர்களிடம் சாவியைக் கொடுத்துச் சுடுதண்ணீர்க் குழாயைக் காட்டுவது என் பொறுப்பு. போன யூலையில் ஒரு நாள், "அமெரிக்கப் பெண்மணி ஒருவர் மூன்று மணிக்கு வருகிறார், ஒரு கிழமை இருப்பார், நன்றாகக் கவனி" என்று சொல்லிவிட்டு சின்யோரா கடற்கரை வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒன்றரை மணிக்கே மூன்றாம் மாடிக் கதவில் மணி அடித்தது. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுத் திறந்தேன். ஒரு கறுத்தப் பெண், அறுபது வயது இருக்கும், பக்கத்தில் பெரிய பை. இந்தச் சந்துகளில் ஆபிரிக்கப் பெண்கள் துணியும் வளையலும் பையில் போட்டு வீடு வீடாய் ஏறுவதுண்டு. முகத்தைக்கூட நான் சரியாய்ப் பார்க்கவில்லை. "நியெந்தே, கிராத்ஸியே" என்றேன். ஒன்றும் வேண்டாம், நன்றி. கதவைச் சாத்தினேன். சாத்தும்போது அவர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது என் காதில் விழுந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. விழுந்தது. மணி இன்னும் இரண்டு தரம் அடித்தது. நான் வாளிக்குள் தண்ணீரைப் பலமாகத் திறந்துவிட்டேன்.

மூன்று மணிக்குச் சின்யோரா போனில் கத்தினார். விருந்தாளி எப்போதோ வந்துவிட்டாராம், படிக்கட்டில் இருக்கிறாராம், நீ எங்கே போனாய். ஓடிப்போய்த் திறந்தேன். அதே பெண் படியில் உட்கார்ந்து ஒரு காகிதத்தால் விசிறிக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவரைத் தாண்டி, கம்பியைப் பிடித்துக் குனிந்து, கீழே அமெரிக்கப் பெண்மணியைத் தேடினேன். ஒருவரையும் காணாமல் திரும்பி அவரிடமே "அமெரிக்கானா?" என்று கேட்டேன்.

"யெஸ்," என்றார் அவர்.

என் ஆங்கிலம் 'தாங்க்யூ'வோடு முடிகிற ஆங்கிலம். இப்படியான நேரத்தில் மகள் டிலானியைத்தான் போனில் கூப்பிடுவேன். அவள் இங்கேயே பிறந்தவள், இருபத்துமூன்று வயது, ஒரு கால் சென்டரில் வேலை. சத்தமாய் வைத்து, "பிள்ளை, நான் குளியலறையைக் கழுவிக்கொண்டு நிண்டனான், மணி கேக்கேல்லை எண்டு இவவுக்குச் சொல்லு" என்றேன். டிலானி சொன்னாள். அந்தப் பெண்மணி போனைப் பார்த்து, கோபமே இல்லாத குரலில் நீளமாய்ப் பதில் சொன்னார். கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாய் இருந்திருக்கும்.

பிறகு டிலானி என்னிடம் தமிழில் கதைத்தாள்.

"அம்மா, நீங்கள் கதவைத் திறந்தனீங்களாம். 'நியெந்தே, கிராத்ஸியே' எண்டு முகத்துக்கு நேரை சாத்தினனீங்களாம்."

"அது... நான் யாரோ விக்க வந்த ஆள் எண்டு..."

"அவ சொல்லுறா, அமெரிக்காவிலை எந்தக் கதவைச் சாத்துவினம் எண்டு எனக்குத் தெரியும், அந்தப் பக்கம் போறேல்லை, இஞ்சை தெரியாமல் வந்திட்டன் எண்டு." பிறகு மெதுவாய்க் கேட்டாள். "நீங்களுமே அம்மா?"

போன் வைக்கப்பட்டது.

ஏன் அப்படிக் கேட்டாள் என்று சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய மாசியில் அவள் வேலைக்குப் பக்கத்தில் தனியாய் ஒரு சின்ன வீடு தேடினாள். போனில் அவள் கதைத்தால் பலெர்மோக்காரிதான், அந்தக் குரலுக்கு நிறம் இல்லை. வீட்டுக்காரி "வா செல்லம், இன்றைக்கே வந்து பார்" என்று குழைந்தாளாம். போய் நின்றதும் மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, வீடு கொடுத்தாயிற்று என்று சாத்தினாளாம். டிலானி அழவில்லை. நான்தான் நாங்கள் குடியிருக்கும் ஒரேத்தோவில் எங்கள் சின்னக் குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுது, கட்டையிலே போவாள், நாசமாய்ப் போவாள் என்று அந்தப் பெண்ணைத் திட்டித் தீர்த்தேன். "விடுங்கோ அம்மா, நான் வேறை பாக்கிறன்" என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தவள் அவள். அந்தக் கைதான் இப்போது போனை வைத்தது.

எனக்கும் அந்தக் கதவு புதிதில்லை. போர்க்காலத்தில் மன்னாரை விட்டு வந்து, இத்தாலிக்கு விசா கிடைக்கும்வரை கொழும்பில் அறை தேடி அலைந்தபோது, அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்ததும் அறை இல்லை என்று சாத்தியவர்கள் எத்தனை பேர். அவர்களையும் திட்டினேன். ஆனால் இன்னொரு கதவைப் பற்றி இதுவரை எங்கும் சொன்னதில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றடிச் சுவரில் ஒரு ஆணியில் தனிப் பேணி, தகரக் குவளை, ஒன்று தொங்கும். வேலைக்கு வருகிற ஆட்களுக்குத் தேத்தண்ணி அதில்தான். அவர்கள் முன்வாசலால் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்களும் அவர்களும் ஒரே மாதா கோவிலில் ஒரே பூசையில் நன்மை அப்பம் வாங்கினோம், திங்கட்கிழமை அந்தப் பேணியில் நான்தான் தேத்தண்ணி ஊற்றினேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. கை தானாகவே அந்த ஆணிக்குப் போகும்.

அமெரிக்கா என்றால் எங்களுக்கு வெள்ளை முகம்தான். என் தம்பி அங்கே போய்ப் பதினைந்து வருடம். போனில் கதைக்கும்போதெல்லாம், "அக்கா, அந்தப் பக்கம் கறுப்பரின்ரை ஏரியா, நாங்கள் போறேல்லை" என்பான். அவனுக்கும் அங்கே ஆயிரம் அவமானம், ஆனால் தனக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்பதில் ஒரு நிம்மதி. கடல் தாண்டி அமெரிக்காவை நான் பார்த்ததில்லை. அதன் பயத்தை மட்டும் போன் வழியாய் வாங்கி வைத்திருந்தேன்.

அந்தக் கிழமை முழுவதும் டிலானி என்னோடு இத்தாலியனில் மட்டும் கதைத்தாள். சாப்பாட்டை அறைக்குள் எடுத்துப் போனாள். எங்கள் வீட்டில் கோபத்துக்கு அதுதான் மொழி.

நான்காம் நாள் குளியலறைத் துவாய் மாற்றப் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பழகியிருந்தேன். அவர் குசினி மேசையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். "ஸொரி," என்றேன். மிச்சம் வரவில்லை. கண்தான் நிறைந்தது. அவர் தலையாட்டி "ஓகே" என்றார். அந்த ஓகேயில் மன்னிப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. பிறர் சொல்லும் ஸொரியை நிறையத் தடவை காதால் கேட்ட ஒருவரின் களைப்புத்தான் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துச் சின்யோரா ஏதோ எடுக்கக் கடற்கரை வீட்டிலிருந்து வந்து கீழே மணியை அடித்தார். சுவரிலிருந்த வாசல் போனை எடுத்தேன். யார் பேசுவது என்று கேட்டார். "லா ரகாத்ஸா" என்றேன் வழக்கம்போல. அந்தப் பெண்மணி தன் போனில் அந்தச் சொல்லைச் சொல்லவைத்து, வந்த ஆங்கிலத்தைப் பார்த்தார். பிறகு என் துடைப்பத்தைக் காட்டி, "மை மதர்," என்றார். கைவிரல்களால் அறுபது என்று எண்ணிக் காட்டினார். "கேர்ள்," என்றார். சிரிக்கவில்லை. அறுபது வயதிலும் துடைப்பம் பிடித்த அவர் அம்மாவையும் பெண்பிள்ளை என்றுதான் அழைத்திருக்கிறார்கள். எனக்கு மொழிபெயர்க்க டிலானி தேவைப்படவில்லை.

சின்யோரா மேலே வந்தார். அந்தப் பெண்மணி ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை போய்விடும். அவர் சொல்லவில்லை. எல்லாம் நல்லது என்றார்.

சனிக்கிழமை அவர் போன பிறகு துப்பரவாக்கப் போனேன். செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. படுக்கை விரிப்புகள் மடித்து அடுக்கியிருந்தன. கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது. குளியலறைத் தொட்டியில் ஒரு முடி இல்லை. நிலம் துடைத்து, துணியைப் பிழிந்து வாளி விளிம்பில் காயப் போட்டிருந்தார். காசு கொடுத்துத் தங்குகிறவர்கள் அப்படிச் செய்வதில்லை. ஆனால் எனக்கு அந்த வேலை தெரியும். முதல்முதலில் இங்கே வாடகைக்கு இருந்த வீட்டை விட்டுப் போகும்போது நானும் அடுப்புக்குப் பின்னால் சுவரைக்கூடத் தேய்த்துக் கழுவினேன், இந்த ஆட்கள் இப்படித்தான் என்று எவரும் சொல்லிவிடக் கூடாது என்று. அவரும் அதே பயத்தில், நான் வந்து பார்ப்பேன் என்று தெரிந்தே துடைத்திருக்கிறார். என்னை நினைத்து. ஈரம் காயாத அந்த நிலத்தில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன்.

பின்னேரம் ஒரேத்தோவுக்கு நடந்தே வந்தேன். எங்கள் கட்டட வாசலில் நின்று மணியை அமத்தினேன். மேலேயிருந்து டிலானியின் குரல், இத்தாலியனில், "யார்?" என்றது.

எந்த வாசலில் நிற்கிறேன் என்றே ஒரு கணம் தெரியவில்லை. "ரகாத்ஸா" நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, "நான்தான் பிள்ளை. அம்மா," என்றேன்.

இரைச்சலுக்குள்ளால் அவள் சொன்னாள்.

"நியெந்தே, கிராத்ஸியே."

விளையாட்டா, கோபமா, எனக்குப் பிடிபடவில்லை. கதவு திறக்கும் 'டிக்' சத்தம் கேட்கவில்லை. என் பைக்குள் இரண்டு சாவிக்கொத்து இருந்தது. ஒன்று சின்யோராவின் வீட்டுடையது, மற்றது எங்கள் வீட்டுடையது. கையை விட்டு எங்கள் சாவியைத் தேடி எடுத்தேன். எடுத்ததைத் திரும்பவும் பைக்குள் போட்டேன். அவளாய்த் திறக்கட்டும் என்று, பையை அணைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன்.