எனக்கும் ஒரு பால்குடம்

நான் தமிழ்ப் பள்ளியில் நாலாவதோடு நின்றவன். எழுத்து கோணலாகத்தான் வரும். ரகரமும் றகரமும் இடம் மாறியிருந்தால் பெரிய மனது பண்ணித் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே ஆட்களின் வரிசை வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. அக்கா கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் அவளுடைய இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. எங்கள் வீட்டு வேண்டுதல் எல்லாம் அந்தக் கால்களுக்காகத்தான். அம்மாவின் வெள்ளிக்கிழமை விரதம் அவளுக்கு, தைப்பூசத்தன்று பத்துமலையில் பால்குடம் அவளுக்கு. அப்போது அங்கே மரப்படிகள். அப்பா அவளைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறுவார். நான் எல்லாருடைய துண்டுகளையும் சுமந்துகொண்டு பின்னால் போவேன். அதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. கால் உள்ளவன் சுமக்கிறான் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு எட்டு வயதான வருஷம், பூசத்துக்கு முதல் நாள், அப்பாவின் தங்கை கிள்ளானிலிருந்து ரயிலில் வந்தாள். வந்ததும் மூட்டையிலிருந்து புதுச் செம்பு ஒன்றை எடுத்து வைத்து, "இது இவன் பேருக்கு. நான் எடுக்கிறேன்" என்றாள் அத்தை.

அம்மா சிரித்தாள். "இவனுக்கு என்ன கேடு? குண்டுக்கல்லு மாதிரி இருக்கான்."

"குண்டுக்கல்லுக்குப் பால்குடம் எடுக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா அண்ணி?"

நோய் உள்ளவர்களுக்குத்தானே பால்குடம்? அப்படியானால் எனக்கும் ஏதோ வரப்போகிறது, அது அத்தைக்குத் தெரிந்திருக்கிறது. அக்காவிடம் ரகசியமாகக் கேட்டேன். அவள் ஆனந்தமாகத் தலையாட்டினாள்.

"ஆமாடா, உனக்கும் கால் போயிடும். அப்பாவுக்கு ஒரு தோள் சும்மாதானே இருக்கு, ஏறிக்க. எந்தப் பக்கம்னு மட்டும் நான்தான் சொல்வேன்."

பயமாக இருந்தது. அந்தச் சும்மா இருக்கும் தோளை நினைத்தபோது பயம் கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

மறுநாள் படி ஏறியது எனக்கு இன்றும் கனவுபோலத்தான் இருக்கிறது. பனி, மஞ்சள் சேலைகள், எங்கிருந்தோ உடுக்கைச் சத்தம். இந்தக் கால் நாளைக்கும் இருக்குமா என்று குனிந்து பார்த்துப் பார்த்தே ஏறினேன். குகைக்குள் வெளிச்சம் உச்சியிலிருந்து பாலாக ஒழுகிக்கொண்டிருந்தது. பூசாரி பேரும் நட்சத்திரமும் கேட்டார். அத்தை என் பேரைச் சொல்லி, திருவாதிரை என்றாள். எனக்கென்று ஒரு நட்சத்திரம் உண்டு என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும்.

"பையனுக்கு உடம்புக்கு என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சாமி. இப்படி ஒருத்தனும் இருக்கான்னு முருகன்கிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அக்காவின் பால்குடத்தோடு பக்கத்தில் நின்ற அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒண்ணுமில்ல" என்பது நான் நன்றாக அறிந்த சொல். ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு ஊசி குத்துமுன் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். ஆகவே என் நோய் பெரியதுதான் என்று முடிவு செய்தேன்.

இறங்கும்போது அம்மா பாதிப் படியில் நின்று, என் முகத்துக்கு நேராகக் குனிந்து, "கால் வலிக்குதாய்யா?" என்று கேட்டாள். அதுவரை அக்காவிடம் மட்டுமே கேட்ட கேள்வி அது. அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது! நான் ஓவென்று அழுதேன். கீழே அப்பாவின் தோளிலிருந்து அக்கா கத்தினாள்: "இன்னும் போகலடா, நடந்து வா!"

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். என் கால் போகப்போவதற்காகத்தான் இருவரும் அழுதோம் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

எழுதி முடித்தது: மாசி மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.