கத்திக்கு அந்தப் பக்கம்

காகிதக் கட்டை மேசையில் இரண்டு தட்டு தட்டி, ஓரம் சேர்ந்ததா என்று பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஜட்ஜ் அதைக் கத்திக்கு அடியில் தள்ளுவார். மயிரிழை பிசகினாலும் மறுபடி தட்டுவார். அச்சகத்தில் முப்பது வருடமாகக் காகிதம் வெட்டுகிறார்.

ஜட்ஜ் என்ற பட்டப்பெயர் வந்த காரணம் வேறு. அங்கே யார் என்ன தப்புச் செய்தாலும் வழக்கு அவரிடம்தான் வரும். பிள்ளையின் நோட்டுக்கு அட்டை போட இரண்டு தாள் எடுத்துப் போனால், "அது வீட்டுத் தேவை. திருட்டுல சேராது." அதையே கடையில் விற்றால் திருட்டு. குடித்துவிட்டு வந்தவனை வீட்டுக்கு அனுப்பினால் போதும். குடித்துவிட்டு மெஷினைத் தொட்டவனுக்கு மன்னிப்பு கிடையாது. "தப்புக்கும் சைஸ் இருக்குப்பா. எல்லாத்தையும் ஒரே அளவுல வெட்டக் கூடாது."

போன வருடம் நாற்பது நாள் வேலைநிறுத்தம் நடந்தது. முப்பத்திரண்டாம் நாள் ஒருவன் மட்டும் பின்கேட் வழியாக உள்ளே போய் வேலை செய்தான். காகிதக் கட்டு தூக்கும் நெட்டையன். எல்லாம் முடிந்ததும் ஜட்ஜ் தீர்ப்புச் சொன்னார். ஒரு வருடத்துக்கு அவனோடு யாருக்கும் பேச்சில்லை, சாப்பாட்டு மேசையில் அவனுக்கு இடமில்லை. மீறிப் பேசுகிறவருக்கும் அதே ஒரு வருடம்.

அவன் மனைவி அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்ததைத் புத்தகம் தைக்கும் பிரிவு அக்கா எடுத்துச் சொல்லிப் பார்த்தாள்.

"காரணமில்லாம எவம்மா தப்பு பண்றான்? எங்க வீட்லயும் ஒரு வேளைதான் அடுப்பு எரிஞ்சுது. நான் பின்கேட்டுக்கா போனேன்?"

அந்த ஒரு வருடம் முடியுமுன்பே, இந்தத் திங்கட்கிழமை மேனேஜர், வெட்டிய காகிதத்தை இழுத்தெடுக்க நெட்டையனையே அவர் மெஷினுக்கு எதிரில் நிறுத்திவிட்டார். அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. வெட்டுகிறவர் "கை" என்பார். எதிரில் நிற்பவர் "எடுத்தாச்சு" என்றால்தான் கத்தியை இறக்கும் மிதியைக் காலால் அழுத்துவார். ஜட்ஜ் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் குனிந்து, கத்தி இடுக்கு வழியாக அவன் கைகளைத் தேடிப் பார்த்து, அவை விலகிய பிறகு நிமிர்ந்து மிதித்தார். வேலை பாதியாகக் குறைந்தது.

"என்ன ஜட்ஜய்யா, அவனுக்குக் கும்பிடு போடுறீங்களா?" என்றார் அட்டை ஒட்டுகிறவர்.

"'கை'ன்னு ஒரு சத்தம் குடுங்களேன். அதெல்லாம் பேச்சுல சேராது," என்றாள் அக்கா.

"பதில் வருதுல்ல? பதில் வந்தா பேச்சுதான்."

புதன்கிழமை காலை அவர் குனிந்து பார்த்தார், கைகள் விலகியிருந்தன. நிமிர்ந்து மிதியில் காலை வைக்கும்போது மேல் தாள் அசைந்தது. மடங்கிய மூலையை நீவிவிட நெட்டையன் திரும்பவும் கையை நுழைத்திருந்தான்.

"கை!"

கூடம் முழுக்கக் கேட்டது. கத்தி இறங்கவில்லை. அந்தப் பக்கமிருந்து சன்னமாக, "எடுத்தாச்சுண்ணே."

யாரும் தலையைத் தூக்கவில்லை. "அவசரத்துல வந்தது. எங்க காதுல விழல," என்றாள் அக்கா. அட்டை ஒட்டுகிறவரும் ஆமாம் என்றார்.

"செவிட்டுக் கூட்டமா நீங்க?" என்றார் ஜட்ஜ். அதன் பிறகு ஒவ்வொரு வெட்டுக்கும் குரல் கொடுத்தார். பதில் வரும்வரை காலைத் தூக்கியபடி நின்றார்.

சாப்பாட்டு மணி அடித்தது. மேசையில் வழக்கமான இடத்தை அவருக்கு விட்டு எல்லோரும் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஜட்ஜ் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு குடோன் வாசலுக்கு நடந்தார். அங்கே கிடந்த ஒரே காகிதக் கட்டின் ஒரு முனையில் நெட்டையன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மறுமுனையில், அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, டப்பாவைத் திறந்தார்.