கடைத்தெருவில் நாலு குரங்குப் பெடல்

எழுபதுகளின் நடுவில், பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், திருச்சுழி கடைத்தெருவில் நடந்தது இது. அன்றைக்கு அந்தத் தெருவில் நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், "அடடே, அது இவுகதானா!" என்பார்கள். ஆமாம், நான்தான்.

அதற்கு முந்தின வருஷம் ஆவணியில் என் கணவர் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். திருச்சுழியில் ஓர் அரசு அலுவலகத்தில் பியூனாக இருந்தவர். எங்களுக்கு வீடு அருப்புக்கோட்டையில். மூத்த பிள்ளை அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தது, இளையது இடுப்பில். "பேசாம ஊருக்கு வந்துரு" என்றார் என் அண்ணன். அண்ணன் வீட்டுச் சோறு ஒரு மாதம் இனிக்கும். அப்புறம் அண்ணி முகத்தைப் பார்த்துத்தான் தட்டில் கை வைக்க வேண்டும். எனக்கு அது ஒத்து வராது என்று சொல்லிவிட்டேன்.

பணியில் இருக்கும்போதே இறந்ததால் அவர் வேலையை எனக்குத் தரலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நான் எட்டாவது தேறியிருந்தேன், படிப்பு அது போதும். ஆனால் பியூன் வேலைக்கு இன்னொரு தகுதியும் அன்றைக்கு உண்டு. சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், அதுவும் அதிகாரி முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். பெண்பிள்ளைக்கு அதை விட்டுக்கொடுக்கக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தோம். "தபால் என்ன, ஆம்பளை பொம்பளை பார்த்தா போகுது?" என்றாராம் அதிகாரி. கேட்டபோது பற்றிக்கொண்டு வந்தது. பிறகு யோசித்தால் அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது.

எனக்குச் சைக்கிளை வையத்தான் தெரியும், ஓட்டத் தெரியாது. வைததற்குக் காரணம் உண்டு. என் கணவருக்கு மூன்று கூட்டாளிகள். ஒருவர் திருச்சுழி போகும் வழியில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். இன்னொருவர் சேலை மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்கிற ஜவுளிக்காரர், நல்ல பருமன். மூன்றாமவர் திருச்சுழியில் கூட்டுறவு பேங்கில் கிளார்க். நாலு பேரும் தினமும் காலையில் ஒன்றாகச் சைக்கிளில் கிளம்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாலு வண்டியும் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் தலைகீழாக நிற்கும். மண்ணெண்ணெய்த் துணியால் செயினைத் துடைப்பது, ஸ்போக் கம்பிகளில் கலர் பாசி கோப்பது, டைனமோ லைட்டுக்கு மஞ்சள் துணி கட்டுவது, யாருடைய ரிம்மில் முகம் தெரிகிறது என்று சண்டை போடுவது. எங்கள் வீட்டில் என்னைவிட அதிகம் எண்ணெய் கண்டது அந்தச் சைக்கிள்தான். நான் வாய்க்கு வந்தபடி பேசுவேன், நாலு பேரும் காதில் வாங்காமல் பெல்லைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

சைக்கிள் ஓட்டினால்தான் வேலை என்று தெரிந்ததும் மூவரும் வீட்டுக்கு வந்தார்கள். "கால் தரையில எட்டாத பயகளே ஓட்டுதானுக. தங்கச்சி ஓட்ட மாட்டாகளா?" என்றார் ஜவுளிக்காரர். எல்லாம் சரி, ஆனால் புதிதாகப் பழகுகிறவருக்குப் பின்னால் ஒரு ஆள் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வர வேண்டுமே? கணவனை இழந்த சின்ன வயதுப் பெண்ணின் வண்டியை எந்த ஆண்பிள்ளை பிடிப்பது? 

அடுப்படியில் இருந்து என் மாமியார் வெளியே வந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "நான் பிடிக்கேன்" என்றார். என் அத்தைக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். காட்டில் களை எடுத்து, கதிர் சுமந்து உரமேறிய உடம்பு.

விடிந்தும் விடியாமலும் பருத்தி மூட்டை அடுக்கிவைக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த பொட்டலுக்குப் போவோம். லேடீஸ் சைக்கிளுக்கு எங்கே போவது? என் கணவரின் வண்டிதான். நடுவில் பார் வைத்த உயரமான சைக்கிள், சேலை கட்டிக்கொண்டு அதில் காலைத் தூக்கிப் போட முடியாது. அதனால் முதலில் குரங்குப் பெடல்தான் பழகினேன். சின்னப் பையன்கள் ஓட்டுவார்களே, பாருக்கு அடியில் ஒரு காலை விட்டு, சீட்டை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, வண்டி ஒரு பக்கம் உடம்பு ஒரு பக்கமாக, அதேதான். ஆண்கள் மூவரும் தூரத்தில் ஒரு பனைமரத்தடியில் நின்று சத்தம் கொடுப்பார்கள். "தங்கச்சி, கீழ பாக்காதீக!" "ஆத்தா, கேரியர அமுக்காதீக, சும்மா பிடிங்க!" நான் விழுந்தால் அத்தையும் சேர்ந்து விழுவார். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, "ஏத்தா, நேராப் பாரு. தரையில என்ன தங்கமா கெடக்கு?" என்று என்னைத்தான் திட்டுவார். கருவேல முள் குத்தி டியூப் தினமும் காற்று இறங்கும். பஞ்சர் ஒட்டுகிற வேலையை ஆளுக்கு ஒரு நாள் என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி, "புருசன் போயி வருசம் திரும்பல, மருமக சைக்கிள் ஏறிட்டாளாமே" என்று அத்தையின் காதில் விழும்படியே சொன்னாள். அத்தை குடத்தை இறக்கிவைத்துவிட்டு, "எம் மருமக சைக்கிள்லதான ஏறுனா, உன் வீட்டு ஓட்டு மேலயா ஏறுனா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு குழாயடியில் அந்தப் பேச்சு எழவில்லை.

குரங்குப் பெடல் கைவந்ததும், ஒரு நர்ஸம்மா போட்டுவைத்திருந்த பழைய லேடீஸ் சைக்கிளை ஜவுளிக்காரர் எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்தார். துருப்பிடித்த எலும்புக்கூடு என்று சொல்லலாம். மூவருமாக அதற்கு உயிர் கொடுத்தார்கள். சேலை மாட்டாமல் இருக்க ஜவுளிக்காரர் பின்சக்கரத்துக்கு நூல்கயிற்றில் வலை பின்னினார். கிளார்க் தன் வண்டியின் ஸ்பிரிங் சீட்டைக் கழற்றிப் பொருத்திவிட்டு, இதன் பழைய சீட்டைத் தன் வண்டியில் மாட்டிக்கொண்டார். வாத்தியார் தன்னுடைய முழுச் செயின் கவரைக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு அவருடைய வெள்ளை வேட்டியின் ஓரத்தில் எப்போது பார்த்தாலும் கறுப்பாகச் செயின் எண்ணெய் இருக்கும். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த வண்டியில் நான் சீட்டில் உட்கார்ந்து, அத்தை கையை விட்டதே தெரியாமல் பொட்டலைச் சுற்றி வந்தபோது, பனைமரத்தடியில் கைதட்டல் கேட்டது.

ஓட்டிக் காட்டுகிற நாளும் வந்தது. நானும் அத்தையும் பஸ்ஸில் போனோம். வாத்தியார் லீவு போட்டுவிட்டு, என் லேடீஸ் சைக்கிளைத் தானே ஓட்டிவந்து சேர்த்தார். அவருடைய வண்டியைக் கிளார்க், தன் வண்டியை ஓட்டியபடியே, ஒரு கையால் பிடித்து உருட்டி வந்திருந்தார். ஜவுளிக்காரர் மூட்டையோடு வந்துவிட்டார். மூவரும் அலுவலக வாசலுக்கு எதிரே புளியமரத்தடியில் நின்றார்கள். அத்தை மட்டும் என்கூட உள்ளே வந்தார்.

அதிகாரி வெளியே வந்து என் வண்டியைப் பார்த்தார். தலையை ஆட்டினார். "சொந்த வண்டி வேண்டாம்மா. நாளைக்கு அது ரிப்பேர்னா தபால் நிக்கும். ஆபீஸ் சைக்கிளை ஓட்டுங்க" என்று சுவரோரம் கைகாட்டினார். அங்கே நின்றது பார் வைத்த பெரிய வண்டி. சீட் கிழிந்திருந்தது, பெல் இல்லை.

இத்தனை நாள் பட்டதெல்லாம் போச்சே! அண்ணி முகம் கண்முன் வந்து நின்றது. அதுதான் எனக்கு ரோஷத்தைக் கொடுத்தது என்று நினைக்கிறேன். முந்தானையை இழுத்துச் செருகினேன். வண்டியைத் தள்ளி, பாருக்கு அடியில் காலை விட்டு, குரங்குப் பெடலில் அலுவலக வளாகத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. உள்ளே சிரிப்புச் சத்தம்.

"இதென்னம்மா, சின்னப் பசங்க ஓட்டற மாதிரி?" என்றார் அதிகாரி.

"சக்கரம் உருளுதா இல்லையான்னு மட்டும் பாருங்கய்யா" என்றேன். எப்படித்தான் அந்தத் தைரியம் வந்ததோ!

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு தபால் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "போஸ்டாபீஸ்ல சேர்த்துட்டு வாங்க. பாதியில இறங்கித் தள்ளிட்டுப் போனா, இந்த வேலை உங்களுக்குச் சரிப்படாது" என்றார்.

போஸ்டாபீஸ் கடைத்தெருவின் அந்தக் கோடியில். நடுவில் கோயில் வாசல், டீக்கடைகள், பஸ் நிற்கும் இடம், எல்லாம் கடக்க வேண்டும். கேட்டைத் தாண்டும்போது புளியமரத்துப் பக்கம் நான் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பயம்.

கடைத்தெருவில் நுழைந்ததும் முதல் குரல் டீக்கடையில் இருந்து வந்தது. "ஏலே, அங்க பார்றா, பொம்பள குரங்குப் பெடலு!" அவ்வளவுதான், தெருவே திரும்பியது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். யாரோ சீட்டியடித்தார்கள். காது மடல் எரிந்தது, ஹாண்டில் ஆட ஆரம்பித்தது. காலை ஊன்றிவிடலாமா, பிள்ளைகள் எப்படியாவது வளர்ந்துவிடும் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன்.

அப்போது பின்னால் பெல் சத்தம் கேட்டது. ஒன்றில்லை, மூன்று. என் வலது பக்கமாக ஒரு சைக்கிள் முந்திக்கொண்டு முன்னால் போனது. வாத்தியார்! சீட் காலியாக இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாருக்கு அடியில் காலை விட்டு, ஒரு பக்கமாகத் தொங்கியபடி குரங்குப் பெடலில் ஓட்டிக்கொண்டிருந்தார். மாணவர்களின் அப்பாக்கள் நாலைந்து பேராவது அந்தத் தெருவில் நின்றிருப்பார்கள். "வாத்தியாரே, என்னாச்சு?" என்று ஒருவர் பதறிப்போய்க் கேட்டார். "ஒண்ணும் ஆகல. வண்டி ஓட்டுதோம்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

எனக்குப் பின்னால் கிளார்க், அவரும் அதே கோலத்தில், விடாமல் பெல்லை அடித்துக்கொண்டு, "வழி விடுங்க, வழி விடுங்க!" என்று கத்தினார். அவருக்கும் பின்னால் ஜவுளிக்காரர். கேரியரில் சேலை மூட்டை, பாருக்கும் தொப்பைக்கும் இடையில் மூச்சு. கால் முழுச் சுற்றுக்கு எட்டாமல் பாதிப் பாதியாக மிதித்து, புஸ்புஸ்ஸென்று இரைத்துக்கொண்டு வந்தார். தெரு சிரிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் இப்போது யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று அதற்குத் தெரியவில்லை. ஏதோ போட்டி என்று நினைத்துப் பிள்ளைகள் "ஓய், ஓய்" என்று கூடவே ஓடிவந்தார்கள். கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா, "விடாத தாயி, நீதான் முன்ன வரணும்!" என்று கத்தினார். என் ஹாண்டில் ஆட்டம் எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது.

தபாலைச் சேர்த்துவிட்டுத் திரும்பியபோதும் அதே ஊர்வலம்தான். அதிகாரி கேட் வாசலுக்கே வந்து நின்றிருந்தார். மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவங்க யாரும்மா?" என்றார்.

"எங்க வீட்டுக்காரரு கூடத் தெனமும் சைக்கிள்ல வந்தவுக" என்றேன். 

அவர் ஆபீஸ் சைக்கிளை என்னிடமிருந்து வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். பிறகு, "திங்கக்கிழமை வந்து வேலையில சேர்ந்துக்கங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மூவரும் மறுபடி ஒதுங்கி நின்ற புளியமரத்தடிக்கு அத்தை நேராகப் போய், "வெக்கங்கெட்ட பயகளா, கடைத்தெருவுல மானத்த வாங்கிட்டீகளேடா" என்று மூவரையும் வைதபடியே முந்தானையால் அவர்கள் முகத்து வேர்வையைத் துடைத்துவிட்டார். அவர் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மகன் இறந்தபோதுகூட அவர் எங்கள் முன்னால் அப்படி அழுததில்லை.

வேலையில் சேர்ந்த பிறகு பஸ்ஸைத் தேடவில்லை. என் லேடீஸ் சைக்கிளில் அவர்களோடு கிளம்பிவிடுவேன். அந்த ரோட்டில் சேலை கட்டிய ஒருத்தி சைக்கிளில் போவதைப் பார்க்கக் காட்டு வேலைக்காரர்கள் கொஞ்ச நாள் நிமிர்ந்து நின்றார்கள், அப்புறம் நாங்கள் கடப்பதை வைத்து நேரம் பார்த்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். ஐப்பசி மழையில் கரிசல் மண் மட்கார்டில் அப்பிக்கொண்டு சக்கரம் நின்றுவிட்டால் நாலு பேரும் குச்சியால் நோண்டிக்கொண்டு நிற்போம். யாருடைய வண்டியில் மண் குறைவு என்று அதற்கும் ஒரு சண்டை நடக்கும், அதில் என் வாய்தான் பெரிது. பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தச் சம்பளத்தில் படித்து ஆளானார்கள்.

என் துக்கத்தில் ஆறுதல் சொன்னவர்கள் ஏராளம், அந்த வார்த்தைகளில் பாதி எனக்கு மறந்துவிட்டது. ஊர் என்னைப் பார்த்துச் சிரித்தபோது, அந்தச் சிரிப்பில் தங்களுக்கும் பங்கு வேண்டுமென்று சீட்டை விட்டு இறங்கி வந்த மூன்று பேருக்குத் தங்கச்சியாக இருந்தவள் நான் என்பதை நினைத்தால், இந்த வயதிலும் என் முதுகு நிமிர்கிறது.