ஜீவராணி சொல்லாமல் விட்ட சாட்சி

ஜீவராணியின் சாட்சியை நான் ஏழு தடவை கேட்டிருக்கிறேன். இரண்டு தடவை நேரில், வெள்ளவத்தையில் உள்ள அந்தச் சிறிய ஆலயத்தின் வாங்கில் உட்கார்ந்து. மிச்சம் ஐந்தும் மெல்பேணில், தொலைபேசித் திரையில். ஒவ்வொரு வருடமும் பெண்கள் ஞாயிறு வந்தால் அவரைத்தான் பேசச் சொல்வார்கள். பிள்ளை இல்லாத அவரும் கணவர் வலன்ரைனும் ஒரு பெண்பிள்ளையைத் தத்தெடுத்த கதையைச் சொல்வார். கடவுள் நம்மையும் இப்படித்தான் எடுத்துக்கொண்டார் என்று முடிப்பார். அழாதவர்கள் குறைவு. கடைசியில் போதகர், "மகள், ஒருக்கா எழும்பி நில்லுங்கோ" என்பார். டிலக்சி எழும்பி நிற்பாள். எல்லோரும் கைதட்டுவார்கள்.

அந்தக் கதையை நான் இங்கே எழுதப்போவதில்லை. "அம்மாவைப் பற்றி எழுதுங்கோ அன்ரி, என்னைப் பற்றி வேண்டாம்" என்பது டிலக்சி வைத்த நிபந்தனை. ஆகவே அவள் நான்கு வயதில் வந்தாள், இப்போது அவளுக்குப் பத்தொன்பது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஜீவராணிக்கு ஐம்பத்தாறு வயது. கொட்டாஞ்சேனையில் ஒரு பல்வைத்தியரின் டிஸ்பென்சரியில் நம்பர் எழுதிக் கொடுக்கிறார். கன்னத்தைப் பொத்திக்கொண்டு வருகிறவர்கள் அவரிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "இப்ப எத்தினையாவது நம்பர் போகுது?" தமிழிலும் சிங்களத்திலும் அதற்குப் பதில் சொல்லியே பகல் கழிந்துவிடும். வலன்ரைன் கொச்சிக்கடையில் துறைமுகக் களஞ்சியம் ஒன்றில் வேலை பார்த்தவர். நான்கு வருடத்துக்கு முன் நெஞ்சுவலி என்று படுத்தவர் எழும்பவில்லை. அதற்குப் பிறகு தாயும் மகளும் இரண்டு அறை வீட்டில். வருடத்தில் ஒரு ஞாயிறு மட்டும் நூற்றைம்பது பேர் வாய்திறக்காமல் ஜீவராணி பேசுவதைக் கேட்பார்கள். அந்த ஒரு ஞாயிறு அவருக்கு எவ்வளவு பெரியது என்பது எனக்குத் தெரியும். என்ன சேலை உடுப்பது என்று ஒரு மாதத்துக்கு முன்பே படம் அனுப்பிக் கேட்பார்.

கொட்டாஞ்சேனையில் கோயில் இல்லையென்று அவர் வெள்ளவத்தைக்கு பஸ் ஏறவில்லை. காரணம், அங்கே முன்பு இருந்த எங்கள் வீடு. கல்யாணம் முடிக்கும்வரை அவர் எங்கள் வீட்டில் வளர்ந்தவர். நாங்கள் எப்போதும் இப்படித்தான் சொல்வோம். என்னைவிட ஆறு வயது மூத்தவர். எனக்கு ஐம்பது ஆகியும் என்னை "பேபி" என்றுதான் கூப்பிடுகிறார்.

இந்த வருடம் பெண்கள் ஞாயிறுக்கு வந்த வேதபாடம், கடவுள் நம்மைப் பிள்ளைகளாகத் தத்தெடுக்கிறார் என்று பவுல் எழுதிய புத்திர சுவிகாரம். ஹரிசன் போதகர் மூன்று கிழமைக்கு முன்பே அழைத்துவிட்டார்.

"அக்கா, உங்களுக்கெண்டே வந்த பாடம். வெளிநாட்டுச் சபையில இருந்தும் ரெண்டு பேர் வருகினம். நீங்கள் வேற ஒண்டும் ஆயத்தப்படுத்தத் தேவையில்லை, அந்தக் கதையைச் சொன்னாப் போதும்."

"செய்வம் பாஸ்டர்" என்று சொல்லிவிட்டார் ஜீவராணி.

முதல்நாள் சனிக்கிழமை பின்னேரம் சேலைக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தபோது டிலக்சி வந்து நின்றிருக்கிறாள். நடந்ததை இருவருமே பிறகு எனக்குச் சொன்னார்கள். இரண்டு பேரும் சொன்னது அநேகமாக ஒன்றாகவே இருந்தது.

"அம்மா, இந்த முறை என்னைச் சொல்லாதேங்கோ."

"ஏன் பிள்ளை? நல்லதைத்தானே சொல்லுறன்."

"நல்லதுதான். ஆனா அந்தக் கதையில நீங்கள் கடவுள். நான் ஆர்?"

"நீ என்ர பிள்ளை."

"அது கதை முடியேக்க. தொடங்கேக்க நான் ஒரு பாவம். ஒவ்வொரு வருசமும் இன்னும் கொஞ்சம் பாவமா வாறன். முதல்ல மெலிஞ்சிருந்தனான். பிறகு காய்ச்சலும் வந்துது. போன வருசம் என்ர காலில சிலிப்பரும் இல்லை. உண்மையைச் சொல்லுங்கோ, சிலிப்பர் இருந்ததா இல்லையா?"

ஜீவராணி அயனை நிமிர்த்தி வைத்தார். "இருந்தது" என்றார். "சிவப்பு."

"பாத்தீங்களா?"

"ஆக்கள் அழுகினம், அப்ப என்னை அறியாமல் வாயில வருது."

"என்ர பட்ச்சில படிக்கிற பிள்ளை ஒருத்தி போன வருசம் வந்தவ. அண்டையில இருந்து என்னோட கதைக்கேக்க குரலைக் குறைச்சுக் கதைக்கிறா, ஆஸ்பத்திரியில வருத்தக்காரரோட கதைக்கிற மாதிரி. எனக்கு அது ஏலாதம்மா."

"அப்ப நான் என்னத்தைச் சொல்லுறது? என்னட்ட வேற என்ன கிடக்கு?"

"உங்களுக்கெண்டு நடந்தது ஒண்டும் இல்லையா?"

ஜீவராணி சேலையை மடித்து முடித்த பிறகு, "சரி. உன்னைச் சொல்லமாட்டன்" என்றார். "சத்தியமா?" என்று மகள் கேட்டதற்கு, "நான் சொன்னாச் சொன்னதுதான்" என்று மட்டும் சொன்னாராம். ஆனால் அன்று இரண்டு தரம் தேநீருக்குச் சீனி போட மறந்துவிட்டார்.

ஞாயிறு இங்கே பகல் ஒன்றரை மணிக்கு நான் திரையைத் திறந்தேன். ஆராதனையை நேரலையில் அனுப்புவது டிலக்சியின் பொறுப்பு. பின்பக்க வாங்கருகே நின்று தன் தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பாள். ஹரிசன் போதகர், "அக்காட கதை உங்களுக்குத் தெரியும், திரும்பக் கேட்டாலும் அலுக்காது" என்று அறிமுகம் செய்தபோது முன்வாங்குகளில் இருந்தவர்கள் டிலக்சியைத் தேடித் திரும்பினார்கள். திரையில் அத்தனை முகங்களும் என்னைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தன. ஒரு நிமிடம்கூட அதைத் தாங்க முடியவில்லை. அவள் பதினைந்து வருடம் தாங்கியிருக்கிறாள்.

ஜீவராணி மேலே போய் ஒலிவாங்கியைச் சரிசெய்தார்.

"இண்டைக்கு அந்தக் கதை இல்லை. அது என்ர எண்டு நினைச்சு இவ்வளவு நாளும் சொல்லிப்போட்டன். அது இன்னொரு ஆளின்ர. வேற ஒண்டு கொண்டு வந்திருக்கிறன். சின்னன்."

சபையில் ஒரு சலசலப்பு. அவர் காத்திருந்தார்.

"எனக்கு ஒம்பது வயசில அப்பா என்னைத் தேயிலைத் தோட்டத்தில இருந்து ரயிலில கூட்டிக்கொண்டு வந்து, இங்க ஒரு வீட்டில வேலைக்கு விட்டவர். போகேக்க சொன்னவர், 'அய்யா வீட்ல சொல்றபடி கேட்டு நடந்துக்க கண்ணு, அழுவக் கூடாது.'"

அந்த வரியை அவர் தன் தகப்பனின் மலையகத் தமிழிலேயே சொன்னார். நாற்பத்தேழு வருடப் பழக்கத்தில் அவர் வாயில் அந்தப் பேச்சை நான் கேட்டது அதுதான் முதல் தரம். எங்கள் வீட்டுக்கு வந்து சில மாதங்களிலேயே எங்களைப் போலக் கதைக்கத் தொடங்கிவிட்டார் என்று அம்மா பெருமையாகச் சொல்வார்.

எங்கள் பெயரைச் சொல்லப்போகிறாரோ என்று பயந்தேன். அந்தப் பயம் வந்ததற்காக வெட்கமும் வந்தது.

"நல்ல வீடு. ஒருநாளும் எனக்குக் கை நீட்டினதில்லை. அவை சாப்பிட்டதுதான் நானும் சாப்பிட்டனான், அவை சாப்பிட்ட பிறகு. அஞ்சாம் வகுப்பு மட்டும் பள்ளிக்கூடமும் விட்டவை. ஆக்கள் கேட்டா 'எங்கட பிள்ளை மாதிரி' எண்டுவினம். பொய் சொல்லேல்ல, அப்பிடித்தான் நினைச்சவை. அந்த வீட்டுப் பிள்ளையள் முன்கதவைத் தள்ளிக்கொண்டு, 'அம்மா பசிக்குது' எண்டு கத்திக்கொண்டு வருவினம். நான் கடைக்குப் போட்டு வந்தா பின்கேற்றில பெல் அடிச்சிட்டு நிப்பன். அப்பிடிச் செய் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. பதினாலு வருசம் இருந்தனான். பதினாலு வருசமும் பெல் அடிச்சனான்."

தொலைபேசியின் மேல்பக்கம் ஒரு செய்தி வந்து நின்றது. சிட்னியில் இருக்கும் என் தம்பி சுகிர்தன். அவனும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

'இது எங்கட வீடா?'

'ஓம்' என்று அனுப்பினேன்.

"கடவுளிட்டையும் நான் அப்பிடித்தான் போனனான்" என்றார் ஜீவராணி. "கூட்டிப்போட்டு, கழுவிப்போட்டு, ஒரு பிழையும் இல்லையெண்டு பாத்திட்டுத்தான் பெல் அடிக்கிறது. திறந்தா நன்றி. திறக்காட்டி நான்தான் ஏதோ பிழை விட்டிருக்கிறன். வாயில 'பிதாவே' எண்டு வரும். உள்ளுக்குள்ள அவர் எனக்கு அய்யாதான். எப்பவும் அனுப்பிப்போடலாம் எண்ட பயம்."

தண்ணீர் குடித்தார்.

"பிறகு ஒரு நாள் கோட்டில ஒரு ஓடர் வாசிக்கிறதைக் கேட்டனான். ஆரின்ர வழக்கு எண்டு கேக்காதேங்கோ." ஆங்காங்கே சிரித்தார்கள். "நீதிபதி சிங்களத்தில சொல்ல, பக்கத்தில நிண்டவர் தமிழில சொன்னார். பெத்த பிள்ளைக்கு என்னென்ன உரிமையோ அவ்வளவும் இண்டையில இருந்து இந்தப் பிள்ளைக்கும் எண்டு. நான் காது குடுத்துக் கேட்டனான். 'மாதிரி' எண்டு அதில ஒரு இடத்திலயும் இல்லை. அந்தப் பிள்ளை அப்ப வாங்கில இருந்து—"

நின்றுவிட்டார். முன்வாங்கில் ஓர் அம்மா கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினார். சபை முழுவதும் அடுத்த வசனத்துக்காகச் சாய்ந்து இருந்தது. அதில் ஒரு சிவப்புச் சிலிப்பரோ ஒரு கண்ணீரோ வந்திருந்தால் போதும், அந்த ஞாயிறும் அவருடையதாகியிருக்கும். ஜீவராணி டிலக்சி நின்ற பின்பக்க வாங்கைப் பார்த்தார். படம் இலேசாக ஆடியது.

"அதை விடுவம்" என்றார். "எனக்கு விளங்கினதை மட்டும் சொல்லுறன். எனக்கும் அப்பிடி ஒரு ஓடர் எழுதியிருக்கு. இயேசு தன்ர உயிரைக் குடுத்துக் கையெழுத்து வைச்சது. நான் ஒண்டும் செய்யேல்ல. அதை அறியாமல் பின்கேற்றில நிண்டிருக்கிறன். இவ்வளவு காலமும் இந்த இடத்தில நான் கடவுளுக்குப் பக்கத்தில நிண்டு, எடுத்த ஆள் மாதிரிக் கதைச்சனான். அது பிழை. நானும் எடுக்கப்பட்ட பிள்ளைதான். அவ்வளவுதான். ஆமென்."

ஒன்பது நிமிடம். வழமையாக அரை மணித்தியாலத்துக்குக் குறையாது. ஒருவரும் அழவில்லை. ஹரிசன் போதகர் எழும்பி, பழக்கத்தில் "மகள், ஒருக்கா..." என்று தொடங்கி, வாயை மூடி, "சரி, கீர்த்தனை பாடுவம்" என்றார்.

ஆராதனை முடிந்தும் நேரலை முடியவில்லை. டிலக்சி தொலைபேசியை வாங்கில் வைத்துவிட்டு அணைக்க மறந்துவிட்டாள். திரையில் ஒரு மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. தேநீர்க் கோப்பைகளின் சத்தம். பிறகு அன்னபாக்கியம் அன்ரியின் குரல். எங்கள் அம்மாவின் சிநேகிதி, எண்பது தாண்டியும் குரல் குறையாதவர்.

"என்ன ஜீவராணி, நான் கண் துடைக்க லேஞ்சியெல்லாம் எடுத்துப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்!"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி."

"அதுசரி, எந்த வீடு பிள்ளை அது?"

அவருக்கு உண்மையில் தெரியாதா, வாயைக் கிண்டுகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை.

"அதை இடிச்சுப் போட்டினம் அன்ரி. ரோல்ஸ் எடுங்கோ, ஆறப்போகுது."

அணைத்துவிட வேண்டும் என்று தெரிந்தும் நான் அணைக்கவில்லை. வாங்கு கிரீச்சிட்டது. இரண்டு பேர் உட்கார்ந்தார்கள்.

"இனிக் கூப்பிடமாட்டினம்" என்றார் ஜீவராணி.

"என்னத்துக்கு?"

"பேச."

"கூப்பிடாட்டி என்ன, வீட்டில இருந்து எனக்குப் பிரசங்கம் வையுங்கோ. வழமையா வைக்கிறதுதானே."

"போடி."

ஒரு கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம்.

"அம்மா, இதை ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்ல? 'பேபியாக்கள் வீட்டில வளர்ந்தனான்' எண்டுதானே சொன்னீங்கள். நான் சொந்தக்காரர் எண்டெல்லோ நினைச்சனான்."

"வெக்கமாக் கிடந்தது."

"எனக்கு முன்னாலயா?"

"உனக்கு முன்னாலதான் கூட. தெரிஞ்சா நீயும் என்னோட குரலைக் குறைச்சுக் கதைப்பாய் எண்டு."

டிலக்சி சத்தமாகச் சிரித்தாள். "நான் எப்ப உங்களோட குரலைக் குறைச்சுக் கதைச்சனான்?"

"அதுவும் சரிதான்."

"அந்த வீடு இருந்த இடம் எங்க?"

"இங்கதான், ரெண்டு லேன் தள்ளி. இப்ப மாடி மாடியா பிளட் கட்டியாச்சு. பாக்கிறதுக்கு ஒண்டும் இல்லை."

"பரவாயில்லை, காட்டுங்கோ."

"வெயில் பிள்ளை. பஸ்ஸும் போயிடும்."

"அடுத்த பஸ்ஸில போவம். எழும்புங்கோ அம்மா."

தொலைபேசியை ஒரு கை தூக்கியது. அரைக் கணம் டிலக்சியின் தாடையும் கூரையும் தெரிந்தன. "ஐயோ, லைவ் போகுது!" என்ற சத்தத்தோடு திரை கறுத்தது.