சீராக வந்த தையல் மெஷின்

இன்று ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஒரு இடம் காலியானது. கண்டக்டர், "டெய்லரம்மா, இங்க உக்காருங்க" என்றார். என்னை இல்லை, பக்கத்தில் நின்ற கமலத்தை.

கமலம் எங்கள் உறையூர்த் தெருக்காரி. புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு சுருட்டுக் கம்பெனியில் சுருட்டு சுற்றிப் பிழைத்தாள். கம்பெனியை மூடியதும் அதுவும் போயிற்று. தெருப் பெண்கள் நாங்கள் சேர்ந்து அந்தப் பாழுங் கட்டடத்தைக் கழுவி, வெள்ளையடித்து, அவளைப் போன்றவர்களுக்குத் தையல் வகுப்பு தொடங்கினோம்.

மெஷின் கொடுத்தது நான். பிறந்த வீட்டுச் சீர். எட்டு வருஷமாக அதன்மேல் பூத்துணி விரித்து ரேடியோ வைத்திருந்தேன். கொடுத்த அன்று தெருவே என்னைப் புகழ்ந்தது.

இப்போது அந்த வகுப்பும், பள்ளிக்கூடத்துச் சீருடைத் தையலெல்லாமும் கமலம் கையில். கழுத்தில் இஞ்ச் டேப்பைச் சங்கிலி மாதிரி போட்டுக்கொண்டே பஸ் ஏறுகிறாள்.

உட்கார்ந்தவள் என் ரவிக்கையைப் பார்த்தாள். "தோள்பட்ட தூக்கிட்டு நிக்குதேக்கா. யாரு தச்சது? கொண்டாங்க, பிரிச்சுத் தச்சுத் தரேன்."

நான் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டேன். "வேணாம். நானே வகுப்புக்கு வந்து கத்துக்கறேன்" என்றேன்.

"தாராளமா வாங்கக்கா. ஆனா உங்க மெஷினுக்கு ஏற்கனவே நாலு பேரு காத்திருக்காங்க. பேரு எழுதி வச்சுடட்டுமா?"

வீட்டில் ரேடியோ தரையில் உட்கார்ந்திருக்கிறது. என் மெஷினில் உட்கார நான் ஐந்தாவது ஆள்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள், சொல்லுங்கள். நான் பேரைக் கொடுத்துவிட்டேன். ரவிக்கையை மட்டும் கொடுக்கமாட்டேன்.