எதிர் மேட்டு ஊளை

வனத்துறையில் அவருக்கு வேலை ஊளையிடுவது. சிரிக்காதீர்கள், மாதச் சம்பளம் வாங்கும் வேலைதான். பொழுது சாயும்போது மேட்டில் ஏறி, இரண்டு கையையும் வாயருகே குவித்து, ஓநாய் மாதிரி குரல் கொடுக்க வேண்டும். காட்டில் சாம்பல் ஓநாய் இருந்தால் பதிலுக்கு ஊளையிடும். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ஊளை அண்ணன்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு ஒரே ஒரு நாற்காலிதான். மற்றொன்றைத் தூக்கி வெளியே போட்டுவிட்டார். எதிரே அது காலியாக நின்றால் சோறு தொண்டையில் இறங்கவில்லை. மகள் போனில் பிடுங்கி எடுப்பாள்.

"இங்க வந்துடுங்கப்பா. அங்க யாரு இருக்கா உங்களுக்கு?"

"ஒருத்தன் இருக்கான்மா."

பொய்யில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து எதிர் மேட்டிலிருந்து ஓர் ஓநாய் அவருக்குத் தவறாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஒற்றைக் குரல். கூட்டத்தைப் பறிகொடுத்த ஒண்டிக்கட்டை, நம்மைப் போல என்று நினைத்துக்கொள்வார். காய்ச்சலில் கிடந்த நாளில்கூட மேடேறினார். பாவம், அது காத்திருக்குமே!

ஆனால் ஆற்றங்கரை வேறு கதை சொன்னது. ஓநாய் நடமாடும் காட்டில் மான் ஓரிடத்தில் நின்று மேயாது. ஒரு வாய் கடிக்கும், தலையைத் தூக்கிப் பார்க்கும், நகர்ந்துவிடும். அந்த இடைவெளியில் மரக்கன்றுகள் பிழைத்து மரமாகும், வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும், பறவைகள் வரும். இங்கேயோ மான்கள் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை கணக்காகப் படுத்துக்கொண்டே தின்றன. கன்றெல்லாம் மொட்டை. கரை இடிந்து இடிந்து ஆறு சேறாக ஓடியது. அண்ணன் கண்ணில் படாமலா? ஒற்றை ஓநாய்க்கு மான் பயப்படுமா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். சமாதானம் சொல்லிக்கொள்வதற்கா மனுஷனுக்குப் பஞ்சம்!

ஆற்றின் அந்தப் பக்கம் வேறு அலுவலகம். இரண்டும் பேசிக்கொண்டதே இல்லை. அதிசயமாக ஒருநாள் இரண்டையும் சேர்த்து உட்கார வைத்தார்கள்.

"புதுசா ஒரு ஓநாய்க் கூட்டத்தக் கொண்டுவந்து விடலாம்னு மேலிடத்துல கேட்டேன்," என்றார் அதிகாரியம்மா. "ஏற்கெனவே ஓநாய் இருக்கிற காட்டுல விடக்கூடாதாம். ஒண்ணு இருக்குன்னு நீங்கதானே சொல்றீங்க? கரை போனது போனதுதான்."

தேநீர் இடைவேளையில், மப்ளர் சுற்றிய மெலிந்த மனிதர் ஒருவர் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். அந்தப் பக்கத்து ஊளைக்காரர்.

"எங்களுக்கும் ஒண்ணு பதில் சொல்லுதுங்க. கெழடு. ஊளை முடியறப்ப லொக்குன்னு ஒரு இருமல் வரும். அதுக்காகவே தினம் போறேன்."

அண்ணனுக்குத் தேநீர் புரையேறியது. லொக்கென்று இருமினார். மப்ளர்காரர் கோப்பையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்க... எங்களுக்கு எதிர் மேடா?"

"ஆமாங்க."

மப்ளர்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நம்ம ரெண்டு பேருக்குத்தானே தெரியும். அப்படியே விட்டுடலாமே. எனக்கும் வீட்ல யாரும் இல்லைங்க."

அண்ணனுக்கும் ஆசைதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளைக்கும் பதில் வரும். ஆனால் கண்ணை மூடினால் அந்த இடிந்த கரைதான் வந்து நின்றது. கூட்டம் மறுபடி கூடியதும் எழுந்தார்.

"அம்மா, அங்க ஓநாயே இல்ல. நாங்க ரெண்டு பேரும்தான் ஒருத்தருக்கொருத்தர் ஊளையிட்டுக்கிட்டிருக்கோம்."

அறையே விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். மனைவி போனபோதுகூட அப்படி அழவில்லை.

ஓநாய்கள் வந்தன. மான்கள் தலையைத் தூக்கப் பழகின. மறு வருடம் கரையோரக் கன்றுகள் இடுப்பளவு நின்றன. ஓநாய்களின் கழுத்தில் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி கட்டியிருந்ததால் ஊளையிட ஆள் தேவைப்படவில்லை. அண்ணனைக் கிடங்குக்கு மாற்றினார்கள்.

ஒரு சாயங்காலம் மேட்டிலிருந்து கூட்டமாக ஊளை எழுந்தது. அண்ணனின் கைகள் தாமாக வாயருகே போயின. இறக்கிக்கொண்டார். மப்ளர்காரருக்குப் போன் போட்டு, அதை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்.

"கேக்குதா?"

"கேக்குது. இது நீங்க இல்லையே?"

"நான் வாயே தொறக்கலைங்க."

ஊளை அடங்கும்வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் மப்ளர்காரர். "ஆனா எனக்கு அந்தக் கெழட்டத்தாங்க பிடிச்சிருந்துது."